தலையாட்டாத ஆலோசகர்

மன்மோகன் சிங், ரங்கராஜன், ரகுராம் ராஜன் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்ன பொருளாதார நிபுணர்கள் பெயரைக் கேட்டால் நாம எல்லாரும் சட்டுனு நாலு சொல்லிடுவோம். பி.ஆர். ஷெனாய் என்றால்? "யாருங்க அது?" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். இந்தப் பதிவு அவரைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், எல்லாரும் சரி என்று சொன்ன இடத்தில் அவர் ஒருத்தர் மட்டும் எழுதிக் கொடுத்த ஒரு மறுப்பைப் பற்றியது.

வருஷம் 1955. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. நேரு பிரதமர், சி.டி. தேஷ்முக் நிதியமைச்சர். திட்டத்தின் மூல வரைவைப் போட்டவர் மஹலனோபிஸ். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஆரம்பித்தவர். படித்தது இயற்பியல், பேர் வாங்கியது புள்ளியியலில். இரும்பு, எந்திரம் மாதிரியான கனரகத் தொழில்களில் இப்போது பணத்தைக் கொட்டினால் பின்னால் எல்லாம் தானாக வளரும் என்பதுதான் அவருடைய கணக்கின் சாரம்.

அதைப் பார்த்துக் கருத்து சொல்ல, தேஷ்முக் தலைமையிலேயே ஒரு பொருளாதார நிபுணர் குழுவைப் போட்டார்கள். சுமார் இருபது பேர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ், வக்கீல் என்று அன்றைக்கு இந்தியாவில் பேர் பெற்றவர்கள். சின்னச் சின்னத் திருத்தங்களோடு குழு வரைவை ஏற்றுக்கொண்டது. குஜராத் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஷெனாய் மட்டும் தனியாக ஒரு மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் பெரிய தத்துவம் எல்லாம் கிடையாது. வீட்டுக் கணக்கு மாதிரிதான். நாட்டு மக்களின் சேமிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் முதலீடு செய்ய முடியும். அதற்கு மேலே செலவு செய்ய நோட்டு அடித்தால் விலைவாசி ஏறும், இறக்குமதி கூடும், அன்னியச் செலாவணி கரையும். அதைத் தடுக்க லைசென்ஸ், பர்மிட் என்று கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு போட வேண்டிவரும். அதனால் திட்டத்தின் அளவைக் குறையுங்கள் என்றார்.

குறைக்கவில்லை. இறுதித் திட்டத்தில் பொதுத்துறைச் செலவு 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடிக்குப் பற்றாக்குறை நிதி. அதாவது, நாலில் ஒரு பங்கு நோட்டு அடித்து. இன்னொரு 800 கோடி வெளிநாட்டு உதவியாக வரும் என்று எதிர்பார்ப்பு. அதுவும் போக 400 கோடிக்கு எங்கிருந்து பணம் வரும் என்றே எழுதவில்லை! நம்ம ஆபீசில் இப்படி ஒரு பிராஜெக்ட் பிளான் கொடுத்தால் மேனேஜர் நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் :-)

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். அன்னியச் செலாவணிக் கையிருப்பிலிருந்து ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து 200 கோடி எடுத்தால் போதும் என்பது திட்டம். முதல் வருஷத்திலேயே அதைவிட அதிகமாகக் கரைந்துவிட்டது. அன்றைய சட்டப்படி, ரிசர்வ் வங்கி அடிக்கும் நோட்டுக்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் தங்கமும் அன்னியப் பத்திரமும் வைத்திருக்க வேண்டும். 1956-ல் சட்டத்தைத் திருத்தி விகிதத்தை எடுத்துவிட்டு, 400 கோடிக்கு அன்னியப் பத்திரம், 115 கோடிக்குத் தங்கம் இருந்தால் போதும் என்றார்கள். அதையும் காப்பாற்ற முடியவில்லை. 1957-ல் மறுபடி திருத்தி, தங்கத்தையும் சேர்த்து மொத்தம் 200 கோடி இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். சர்வர் சூடாகி அலாரம் அடித்தால் ஃபேனைச் சரிசெய்யாமல் அலாரத்தின் அளவை மாற்றி வைப்போமே, அதே கதை.

1958-ல் திட்டத்தை வெட்டிச் சுருக்கினார்கள். அதே வருஷம் உலக வங்கி ஏற்பாட்டில் பணக்கார நாடுகள் இந்தியாவுக்கு உதவக் கூடிப் பேசின.

ஷெனாய் சொன்னது எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் இரும்பாலைகள் எல்லாம் அந்தக் காலத்து முதலீடுதான். நெருக்கடிக்கு மழை பொய்த்தது, தனியாருக்குத் தாராளமாக இறக்குமதி லைசென்ஸ் கொடுத்தது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எது இடிக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் சொன்ன ஆலோசகர் ஒருத்தர் இருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

அப்படியென்றால் அரசாங்கம் நிபுணர் பேச்சையே கேட்காதா? கேட்கும். எதைக் கேட்கும் என்பதுதான் விஷயம். அதே சமயத்தில், 1956-ல், கேம்பிரிட்ஜிலிருந்து நிக்கோலஸ் கால்டர் வந்து வரிச் சீர்திருத்தம் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார். சொத்து வரி போடு, செலவு வரி போடு, கூடவே வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்குக் குறை என்றார். எல்லாம் சேர்ந்து ஒரே மருந்து. அடுத்த வருஷமே நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்து சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். உச்ச விகிதம்? கொஞ்சம் குறைந்தது, ஆனால் 45-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வசூல் வரும் பாதி பாஸ், வசூல் போகும் பாதி ஃபெயில். அந்தச் செலவு வரியை 1962-ல் எடுத்து, 1964-ல் மறுபடி போட்டு, 1966-ல் கடைசியாகத் தலைமுழுகினார்கள்.

ஆக, ஷெனாய்க்கும் கால்டருக்கும் உள்ள வித்தியாசம் அறிவில் இல்லை. ஒருத்தர் "முடியாது" என்றார், இன்னொருத்தர் "இப்படிச் செய்தால் பணம் வரும்" என்றார். தலையாட்டுவதற்கு ஆள் வேண்டுமென்றால் எந்த அரசாங்கத்துக்கும் பஞ்சமே இருக்காது. நிபுணரின் உண்மையான உபயோகமே அந்த "முடியாது"தான்.

ஒரு விஷயத்தில் அன்றைய ஆட்சியைப் பாராட்டியே ஆக வேண்டும். திட்டம் சம்பந்தமான ஆவணங்களோடு ஷெனாயின் மறுப்பையும் திட்டக் கமிஷனே அச்சிட்டு வெளியிட்டது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் நாம இதைப் பேச முடிகிறது. 1978-ல் அவர் இறந்துபோனார். அந்தக் குறிப்பு இறக்கவில்லை.

இன்றைக்கு வட்டி விகிதத்தை முடிவு செய்ய ரிசர்வ் வங்கியில் ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு 2016-லிருந்து இருக்கிறது. கூட்டம் முடிந்து 14-வது நாள், யார் எப்படி ஓட்டுப் போட்டார், ஏன் போட்டார் என்று பேரோடு வெளியிட வேண்டும். ஷெனாய் அன்று தனியாளாகச் செய்ததை இங்கே சட்டமே கேட்கிறது. பட்ஜெட்டுக்கு இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. நிதியமைச்சருக்கு உள்ளே யார் என்ன ஆலோசனை சொன்னார், எதற்கு மறுப்பு சொன்னார் என்பது நமக்குத் தெரிய வழியில்லை.

அதுவும் தெரிந்தால் நல்லா இருக்கும்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?