அரமும் அளவுமானியும்

பழங்காலத் துப்பாக்கிகளின் பிரதிகளைக் கொண்டு குறிபார்த்துச் சுட்டு மகிழும் வழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியுள்ளது. குழலின் வாய்வழியே மருந்திட்டு இடித்துச் சுடும் துப்பாக்கிகளுக்கென 1933இல் அமெரிக்காவில் ஒரு தேசிய சங்கமே தோன்றியது. 1961 முதல் 1965 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது இவ்வார்வம் மேலும் பெருகிற்று. மூலத் துப்பாக்கிகள் அருகி விலையேறிய நிலையில், 1950களின் பிற்பகுதியிலிருந்தே இத்தாலியின் பிரெசியாப் பகுதித் தொழிலகங்கள் பிரதிகளைச் செய்து கப்பலேற்றத் தொடங்கியிருந்தன. வசதி படைத்தோரின் ஓய்வுநேர விளையாட்டு இது; இதில் நமக்கு என்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவர்கள் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு சிறு தொல்லையைப் பற்றி வாசிக்க நேர்ந்த பின்னரே அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டோம்.

தொல்லை இதுதான். பிரதித் துப்பாக்கியின் விசைப்பொறியில் ஒரு வில் முறிகின்றது. அதே மாதிரித் துப்பாக்கிக்கென விற்கப்படும் புதிய வில்லை விலைகொடுத்து வாங்குகின்றார் அதன் உரிமையாளர். அது பொருந்துவதில்லை. துளை ஒரு மயிரிழை விலகி நிற்கின்றது. அல்லது முனை தடித்திருக்கின்றது. ஈற்றில் அவர் தம் வீட்டுப் பின்கட்டில் இடுக்கியையும் அரத்தையும் எடுத்துக்கொண்டு அமர்கின்றார். வாங்கிய உறுப்பை அராவிப் பொருத்துகின்றார். அதுவும் கைகூடாவிடில் புதிதாக ஒன்றைத் தாமே செய்கின்றார்.

சக்கிமுக்கிக்கற் பொறியின் அமைப்பை அறிந்தால் இதன் அருமை விளங்கும். விசையை இழுத்ததும் கல்லைக் கவ்வியிருக்கும் 'சேவல்' பாய்ந்து, எதிரேயுள்ள உருக்குத் தகட்டின் முகத்தை உரசுகின்றது. அவ்வுரசலில் சிதறும் தீப்பொறி கீழேயுள்ள கிண்ணியின் மருந்தைப் பற்ற வைக்கின்றது. உருக்கு முகம் மென்மையாயிருந்தால் பொறி எழாது. பலமுறை சுட்டுத் தேய்ந்தாலும் எழாது. அப்போது பழைய வாள் அலகொன்றிலிருந்து வெட்டிய துண்டைத் தேய்ந்த முகத்தின்மேல் வைத்து இறுக்குவது, செருப்புக்கு அடித்தோல் வைப்பது போன்ற ஒரு வேலை, இப்பொழுதுபோக்கினர் நன்கறிந்த உத்தி. அதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிக் கொல்லர்களின் கணக்கேடுகளிலேயே உருக்கு முகம் வைத்ததற்கான கூலி எழுதப்பட்டுள்ளது.

அந்நாளில் இவ்வேலை எவரெவர் கையில் இருந்தது? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். குழல் அடிப்பவன் ஒருவன். கட்டை செதுக்குபவன் வேறொருவன். விசைப்பொறிகள் பெரும்பாலும் அயலிலுள்ள டார்லஸ்டன், வெட்னஸ்பரி ஆகிய ஊர்களில் அராவப்பட்டன. இவ்வாறு பலரிடமிருந்து வந்த உறுப்புகளை ஒன்றோடொன்று இசைய அராவி ஒரு துப்பாக்கியாக்குவது இன்னொருவன் தொழில். ஒரு துப்பாக்கியின் உறுப்பு அடுத்த துப்பாக்கியிற் பொருந்த வேண்டுமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை. கூட்டுக் குடும்பத்து உறவினர் போல, ஒரு துப்பாக்கியின் உறுப்புகள் தம்முள் மட்டுமே இணங்கி வாழ்ந்தன. ஆபிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கும் பண்டமாற்றுக்காக ஏராளமான துப்பாக்கிகள் ஏற்றப்பட்டதும் இதே பர்மிங்ஹாமிலிருந்துதான் என்பதை இங்கு மறத்தலாகாது. கைத்தொழிலின் அழகை மட்டும் பாடிவிட்டு நின்றுவிட நமக்கு உரிமையில்லை.

நம் நாட்டிலும் நிலை வேறன்று. கண்டி இராச்சியத்துக் கொல்லர் மேனாட்டாரிடமிருந்து துப்பாக்கியை அறிந்துகொண்டபோதும், விசைப்பொறியைக் கட்டையின் இடப்புறத்தில் அமைத்தும் பிடியின் அடிப்பகுதியைக் கவையாகச் செதுக்கியும் தமக்கென ஒரு மரபை வகுத்துக்கொண்டனர். அங்கும் அரமே அளவுகோலாயிருந்தது.

இனி, உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கனவாக எப்போது ஆயின? இவ்விடத்தில் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எலி விட்னி என்னும் அமெரிக்கர் மாற்றுறுப்பு முறையைக் கண்டுபிடித்தார் என்று நாமும் சில ஆண்டுகள் வகுப்பறையிற் சொல்லி வந்தோம். மாணவர் எழுதினர், நாம் சரியென்று குறியிட்டோம். பருத்தி கடையும் பொறியால் பெயர்பெற்ற விட்னி, 1798இல் 10,000 துப்பாக்கிகள் செய்து தருவதாக அமெரிக்க அரசுடன் ஒப்பந்தஞ் செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட தவணையில் முடிக்க வேண்டிய வேலை 1809இலேயே முடிந்தது. 1801இல் அவர் வாஷிங்டனிலே பெரிய மனிதர் முன்னிலையில் விசைப்பொறிகளைத் துப்பாக்கிகளில் மாற்றிப் பொருத்திக் காட்டியது உண்மை. ஆயின் 1960இல் றொபேட் வூட்பரி என்னும் ஆய்வாளர் அக்கதையையே கேள்விக்குள்ளாக்கினார். எஞ்சியுள்ள விட்னி துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தோர் கண்டதும் மாற்றத்தகாத உறுப்புகளையே. அவற்றுட் சிலவற்றில், எது எதற்குரியதென்று அறியத் தனித்தனி அடையாளக் குறிகளும் வெட்டப்பட்டிருந்தன. விட்னியின் தொழிலகத்திலும் அரம் ஓயவில்லை.

விட்னிக்கு முன்னரே, பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்பவர் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தார். 1785இல் அவரது தொழிலகத்துக்குச் சென்ற தோமஸ் ஜெபர்சன், பிரித்துக் கலந்து வைக்கப்பட்டிருந்த 50 விசைப்பொறிகளின் உறுப்புகளைக் கண்மூடித்தனமாக எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டிப் பார்த்ததாக ஊருக்கு எழுதினார். துப்பாக்கித் தொழிலின் பழம்பதியான சென்-எட்டியன் நகரில் இம்முறைக்கு எதிர்ப்பே மிகுந்திருந்தது. எதிர்த்தோரை அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் எளிது. தம் கைத்திறனே தம் ஒரே சொத்தாகக் கொண்டவர்கள், அச்சொத்தை மதிப்பிழக்கச் செய்யும் முறையைக் கைதட்டி வரவேற்றிருக்க வேண்டுமா?

உண்மையான வெற்றி அமெரிக்க அரசின் படைக்கலச் சாலைகளிலேதான் கிட்டியது. ஹார்ப்பர்ஸ் பெரியில் ஜோன் ஹோல் 1819 முதல் தமது துப்பாக்கிக்கெனப் பொறிகளையும் அளவுமானிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கினார். உறுப்பு அளவுமானியிற் பொருந்தினால் ஏற்பு, இல்லையேல் தள்ளுபடி. கைவினைஞனின் கண்ணுக்கு அங்கே வேலையில்லை. 1834இல், வேறோர் ஊரில் சிமியன் நோர்த் செய்த துப்பாக்கிகளின் உறுப்புகள் ஹோல் செய்தவற்றோடு மாற்றிப் பொருத்தத்தக்கனவாயின. இதற்குச் செலவான காலத்தையும் பணத்தையும் தனி முதலாளி எவரும் தாங்கியிருக்க மாட்டார். போருக்காகத் திறந்த அரசின் கருவூலமே அதைத் தாங்கிற்று. தையற்பொறிக்கும் மிதிவண்டிக்கும் இம்முறை பின்னரே போய்ச் சேர்ந்தது. நம் வீட்டுத் தையற்பொறிக்குக் கடையில் உதிரிப்பாகம் கேட்கும்போது, பணியாளர் பெட்டியைத் துழாவி எடுத்துத் தருவதற்குப் பின்னால் இத்தகைய ஒரு வரலாறு கிடக்கின்றது.

ஹார்ப்பர்ஸ் பெரியின் வரலாற்றிற் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் ஏடு உண்டு. அங்குள்ள தொழிலாளர் உறுப்புக் கணக்கிற் கூலி பெற்றனர். விரும்பிய வேளையில் வந்து விரும்பிய வேளையிற் சென்றனர். 1840களின் தொடக்கத்தில் நிர்வாகம் இராணுவ அதிகாரியிடம் சென்றது. குறித்த நேரத்தில் வந்து குறித்த நேரம்வரை உழைக்க வேண்டுமென்ற கட்டளை பிறந்தது; மணிக்கூடு எசமானாயிற்று. 1842இல் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். தோணியொன்றை வாடகைக்கு அமர்த்தி, கால்வாய் வழியே வாஷிங்டன் சென்று குடியரசுத் தலைவர் டைலரிடம் நேரே முறையிட்டனர். அவர் இனிமையாகக் கேட்டுக்கொண்டார். வேலைக்குத் திரும்புமாறு அனுப்பி வைத்தார். அவர்களும் திரும்பினர். உறுப்பை ஒரே அளவினதாக்கிய முறை, உழைப்பவனின் நாளையும் ஒரே அளவினதாக்க முயன்றதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றை நாம் அறியோம்.

1854இல் பிரித்தானிய அரசு அனுப்பிய குழுவொன்று ஸ்பிரிங்பீல்ட் படைக்கலச் சாலையைப் பார்வையிட்டது. 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கொன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துப்பாக்கிகளைப் பிரித்து உறுப்புகளைக் கலக்கச் செய்தனர். தொழிலாளி ஒருவன் திருகாணி முடுக்கியை மட்டும் கொண்டு அவற்றை மீண்டும் பூட்டிக் கொடுத்தான். குழுவினர் வியந்தனர், அமெரிக்கப் பொறிகள் என்பீல்டுக்கு வந்து சேர்ந்தன. ஆயின் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இரு தரப்பாரும் வாங்கிக் குவித்த 'என்பீல்டு'களிற் பெரும்பாலானவை அரசின் பொறிச்சாலையில் ஆனவையல்ல; பர்மிங்ஹாமிலும் இலண்டனிலும் பழைய முறையில் கைகளால் அராவப்பட்டவையே. பெயர் ஒன்று, மாதிரி ஒன்று, உறுப்போ மாறாது. போர்க்களத்துப் பழுதுபார்ப்போன் பட்ட பாட்டை இன்று வீட்டுப் பின்கட்டிலிருக்கும் பொழுதுபோக்கினர் மீண்டும் படுகின்றார். 1970களில் பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் மூல அளவுமானிகளைத் துணையாகக் கொண்டு என்பீல்டுப் பிரதிகளைச் செய்ததை இவர்கள் இன்றும் பாராட்டிப் பேசுவதற்குக் காரணம் அதுவே.

இன்னொரு செய்தி. அண்மைய பத்தாண்டுகளில் இந்தியாவிற் செய்யப்பட்ட சக்கிமுக்கித் துப்பாக்கிப் பிரதிகள் மேனாட்டுச் சந்தைக்குச் செல்கின்றன. அவற்றின் விலை குறைவு. உருக்கு முகம் மென்மையாயுள்ளதென்றும், ஒரே மாதிரியில் இரண்டை வாங்கினாலும் ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்துவதில்லையென்றும் வாங்குவோர் குறைகூறுவர். பொருந்தாததில் வியப்பென்ன? அவை பெரிதும் கையால் அராவிப் பொருத்தப்பட்டவை. பொறிக்கும் அளவுமானிக்கும் முதலிடுவதைவிடக் கூலியாளின் கை மலிவாக உள்ள இடத்தில், ஹோல் ஒழிக்க முயன்ற அரம் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றது. அதே பிரதியின் வில்லை ஒருவர் விடுமுறை நாளில் மகிழ்ச்சிக்காக அராவுகின்றார்; அதைச் செய்தவர் சோற்றுக்காக அராவினார்.

1969இல் வெளிவந்த 'வில்லியம்ஸ்பர்க் துப்பாக்கிக் கொல்லன்' என்னும் விவரணப் படத்தில், வாலஸ் கஸ்லர் என்ற வினைஞர் 18ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு துப்பாக்கியை முற்றாகக் கையால் ஆக்கிக் காட்டினார். அவர் பெயரை நாம் அறிவோம். பழைய பர்மிங்ஹாம் துப்பாக்கிகளிலோ, விசைப்பொறித் தகட்டைக் கழற்றித் திருப்பினால் உட்புறத்தில் அராவியவனின் பெயரெழுத்துகள் இரண்டு சில வேளைகளிற் குத்தப்பட்டிருக்கும். வெளிப்புறத்தில் மன்னரின் முடிச்சின்னம். உட்புறத்து எழுத்துகள் யாருடையவை என்பது பல வேளைகளில் எவருக்கும் தெரிவதில்லை.