மனையும் மனைவியும்: ஒரு முகவரிச் சட்டத்தின் வரலாறு

'விலாசம்' என்னும் சொல் தமிழில் இரு பொருளில் வழங்கியது. கடிதத்தின் மேலுறையில் எழுதும் முகவரி ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஒருவகை நாடகம் மற்றொன்று. 'டம்பாச்சாரி விலாசம்' அவ்வகையில் பெயர்பெற்றது. எங்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் நண்பர்களோடு தொடங்கிய நாடக சபையும் 'சுகுண விலாச சபை' என்றே அழைக்கப்பட்டது. முதலியாரின் நாடக வாழ்வும் நீதிமன்றப் பணியும் சென்னை நகரைச் சார்ந்தவை. ஆயினும் 'பம்மல்' அவர் பெயரை விட்டு அகலவில்லை. ஒருவர் எத்தனை வீடு மாறினாலும் ஊர் மாறாது என்பது அக்கால வழக்கு.

நவீன அரசின் வழக்கு வேறு. இன்றிரவு நீ எந்தக் கூரையின் கீழ் உறங்குகிறாய் என்று அது கேட்கிறது. கூரை மாறினால் குறித்த நாளுக்குள் சொல் என்கிறது. திருமணத்தின் வழியாக வந்து சேர்ந்தவரிடம் இன்னொன்றையும் கேட்கிறது: அந்தக் கூரையின் கீழ் நீங்கள் இருவரும் சேர்ந்துதான் வாழ்கிறீர்களா? அதாவது, முகவரியாகிய விலாசம் மெய்யா, அல்லது நாடகமாகிய விலாசமா என்பதே அதன் ஐயம். இவ்வையம் எவ்வாறு சட்டமாயிற்று, அச்சட்டம் யாரை வருத்துகிறது என்பதை இக்கட்டுரையில் காண முயல்கிறோம்.

பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் மகளையோ மகனையோ அமெரிக்காவில் மணம் செய்துகொடுத்த குடும்பங்கள் இன்று பல. வேலை விசாவில் இருப்பவரின் துணையாகச் செல்வோருக்கு நாம் பேசப்போகும் விதி பொருந்தாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரையோ கிரீன் கார்டு உடையவரையோ மணந்து அதன்வழி நிரந்தர வாசம் பெறுபவர், அதைப் பெறும் நாளில் மணமாகி இரண்டாண்டு நிறையாதிருந்தால், அவருக்குக் கிடைப்பது நிபந்தனைக்குட்பட்ட வாசமே. அவருடைய கார்டின் ஆயுள் இரண்டாண்டு. அந்த இரண்டாண்டுக்குள் வீடு மாறினால் என்ன ஆகும் என்பது சிறிய கேள்வியாகத் தோன்றும். அதன் பின்னே நீண்ட வரலாறு இருக்கிறது.

மணத்தையும் இருப்பிடத்தையும் ஒன்றாக முடிச்சிட்டு உரிமையை அளந்த சட்டம் தமிழருக்குப் புதிதன்று. 1948-இல் குடியுரிமை இழந்த இலங்கையின் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருக்கென, அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது அது. கணவன் மட்டும் வாழ்ந்திருந்தால் போதாது. மனைவியும் இளம்பிள்ளைகளும் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட பிரிவு தொடர்ச்சியை முறித்துவிடும். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சொந்த ஊர்களுக்குப் போய்த் திரும்புவதை இயல்பாகக் கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது எத்தகைய பொறி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1951 ஆகஸ்டு 5 என்னும் கடைசி நாளுக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மனைவி ஊரில் இருந்தாள் என்பதே ஒருவனை அந்நியனாக்கப் போதுமானதாயிற்று.

அமெரிக்காவில் இவ்விரு இழைகளும் தனித்தனியே பிறந்து, பின்னர் பின்னிக்கொண்டன. முதல் இழை முகவரி. இரண்டாம் உலகப் போரின் அச்சத்தில் 1940-இல் இயற்றப்பட்ட அந்நியர் பதிவுச் சட்டம், நாட்டிலிருந்த அந்நியரை எல்லாம் பதிவுசெய்துகொள்ளப் பணித்தது. தபால் நிலையங்களிலேயே விரல்ரேகை எடுக்கப்பட்டது. நான்கே மாதத்தில் ஐம்பது லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையினர் பதிவாயினர். வீடு மாறினால் ஐந்து நாளில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டளையும் அச்சட்டத்தில் இருந்தது. 1950-இன் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், வீடு மாறினாலும் மாறாவிட்டாலும் ஆண்டுதோறும் ஜனவரியில் முகவரியை அறிவிக்கச் செய்தது. இந்த ஜனவரிச் சடங்கு 1981-இல்தான் கைவிடப்பட்டது. 1952-இன் குடியேற்றச் சட்டத்தில் இடம்பெற்ற பத்து நாள் கெடு மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது. அதற்கான படிவம் ஏ.ஆர்.-11. அறிவிக்கத் தவறுவது குற்றம். வேண்டுமென்றே தவறியதாகக் கருதினால் நாட்டைவிட்டு வெளியேற்றவும் விதியில் இடமுண்டு.

இவ்விதி நெடுங்காலம் ஏட்டளவிலேயே உறங்கியது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், 2002 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை இதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப் போவதாக அறிவித்தது. அவ்வாண்டு வட கரோலினாவில் வேக வரம்பைச் சற்றே மீறிக் கார் ஓட்டியதற்காக நிறுத்தப்பட்ட பாலஸ்தீனர் ஒருவர்மீது, முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை என்று வெளியேற்ற வழக்கே தொடுக்கப்பட்டது. அச்சமுற்ற மக்கள் படிவங்களை அனுப்பிக் குவித்தனர். அப்போதுதான் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது: அதற்கு முன் வந்திருந்த முகவரிப் படிவங்கள் பதிவேற்றப்படாமல், கான்சஸ் நகருக்கு அருகே நிலத்தடிக் கிடங்கொன்றில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. சொல்லாதவன் குற்றவாளி என்ற அரசு, சொன்னவன் சொல்லைப் பிரித்தும் பார்க்கவில்லை.

இரண்டாம் இழை மணம். 1986 நவம்பரில் அதிபர் ரீகன் கையொப்பமிட்ட குடியேற்றத் திருமண மோசடித் திருத்தச் சட்டமே இரண்டாண்டு நிபந்தனையைத் தோற்றுவித்தது. வெளிநாட்டவரோடு நிகழும் திருமணங்களில் 30 விழுக்காடு போலி என அதிகாரிகள் அமெரிக்க மேலவையில் கூறியதே அதன் பின்புலம். அந்தக் கணக்குக்கு ஆதாரமான ஆய்வு நம்பத்தக்கதன்று என்பது பின்னாளில் வழக்குமன்றத்தில் வெளிப்பட்டது. கணக்கு உதிர்ந்தது, சட்டம் நின்றது. இதன்படி கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையொப்பமிட்டு ஐ-751 என்னும் மனுவை அளிக்க வேண்டும். அளிக்காவிடில் வாச உரிமை முடிவுக்கு வரும்.

அம்மனு எதைக் கேட்கிறது என்பதில்தான் இரு இழைகளும் முடிச்சிடுகின்றன. நிரந்தர வாசம் பெற்ற நாள்முதல் எந்தெந்த முகவரியில், எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை வசித்தீர் என்று கேட்கிறது. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, மின்கட்டண ரசீது ஆகியவை மணம் மெய்யென்பதற்குச் சான்றாகின்றன. தமிழில் மனை என்பதிலிருந்து மனைவி பிறந்தாள். இல் என்பதிலிருந்து இல்லாள் பிறந்தாள். அமெரிக்கச் சட்டம் இதைக் கற்றதில்லை. ஆயினும் மனையைக் காட்டித்தான் மனைவி என்று மெய்ப்பிக்கச் சொல்கிறது.

வீடு மாறுவது இதனால் தடைப்பட்டதாக எண்ணவேண்டாம். எத்தனை முறையும் மாறலாம். வேலைநிமித்தம் கணவன் ஓரூரிலும் மனைவி வேறூரிலும் இருப்பதுகூட மணத்தைப் போலியாக்காது; மணந்த நாளில் சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே அளவுகோல் என 1975-இல் பார்க் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியது. இடர் வேறிடத்தில் உள்ளது. விரல்ரேகைக்கும் நேர்காணலுக்குமான அழைப்புகள், கோப்பில் பதிந்த முகவரிக்கே செல்கின்றன. தபால் நிலையத்தில் மாற்றம் சொல்லிவைத்தால் போதும் என்று நம்பியவர் பலர். அழைப்பு பழைய வீட்டுக்குப் போய், அதற்குச் செல்லத் தவறினால் மனு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். ஒரு மேலுறை ஒரு வாழ்வைத் திசைமாற்றுகிறது.

இதுவரை சொன்னது ஒருமித்து வாழும் தம்பதியரைப் பற்றியது. வீடு மாறுபவள் தனியே வெளியேறும் மனைவியானால்? 1986-இன் சட்டம் இவளை எண்ணிப்பார்க்கவே இல்லை எனலாம். கூட்டு மனுவுக்குக் கணவன் கையொப்பம் வேண்டும். விதிவிலக்கு கோர, வெளியேற்றத்தால் கடுந்துன்பம் நேருமென மெய்ப்பிக்க வேண்டும். அல்லது தக்க காரணத்தோடு தானே மணமுறிவு பெற்றிருக்க வேண்டும். கணவன் முந்திக்கொண்டு மணமுறிவு பெற்றால் இரண்டாம் வழியும் அடைபட்டது. அடிக்கும் கணவனுக்கு இச்சட்டம் ஒரு கோலைக் கையில் கொடுத்தது: கையொப்பமிட மாட்டேன் என்ற ஒரு சொல் போதும்.

1990-இன் குடியேற்றச் சட்டம் இதைத் திருத்தியது. மணமுறிவை யார் தொடங்கினார் என்ற கேள்வி நீக்கப்பட்டது. கொடுமைக்கு ஆளானவர் தனியே மனு அளிக்கலாம் என்றாயிற்று. கணவன் மனுவே போடாமல் வைத்திருக்கும் நிலையிலுள்ள பெண்களுக்கு, 1994-இன் பெண்கள்மீதான வன்முறைச் சட்டம் தாமே விண்ணப்பிக்கும் வழியைத் திறந்தது. 1996-இல் வந்த விதியை நாம் சிறப்பாகக் குறிக்க விரும்புகிறோம். இத்தகைய மனுதாரரைப் பற்றிய விவரம் எதையும் அதிகாரிகள் வெளியிடக் கூடாது. கொடுமை செய்தவர் தரும் தகவலை மட்டும் கொண்டு அவருக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது என்றது அது. முகவரியைச் சொல் என்று அரை நூற்றாண்டாக வற்புறுத்திய சட்டம், முகவரியை மறைத்துக் காப்பதும் தன் கடமை என்று அன்றுதான் உணர்ந்தது. தம் வீட்டு முகவரிக்கு மாறாகப் பாதுகாப்பான வேறொரு தபால் முகவரியைக் கொடுக்கவும் இம்மனுதாரருக்கு வழியுண்டு.

எனினும் கதை முடியவில்லை. மனுக்கள் தேங்கியதால், ஐ-751 அளித்தோரின் கார்டுக்கு 2023 ஜனவரிமுதல் 48 மாத நீட்டிப்பு வழங்கப்படுகிறது. இரண்டாண்டு எனப் பெயர்பெற்ற நிபந்தனை, நடைமுறையில் ஆறாண்டுவரை நீளக்கூடும் என்பது இதன் பொருள். ஆறாண்டில் ஒரு குடும்பம் எத்தனை வீடு மாறும்! குழந்தை பிறக்கும், வேலை மாறும், சில மணங்கள் முறியும். கோப்பில் உள்ள முகவரி மட்டும் மாறாதிருக்கும். 2025 ஏப்ரலில் அந்நியர் பதிவு விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டபோது, பத்து நாள் கெடுவும் அரசால் உரக்க நினைவூட்டப்பட்டது.

2021-இல் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தபோது, ஓரடி நகராமலே நம் வீட்டுவரி ரசீதின் தலைப்பு மாறியது. அதனால் யாருடைய இல்லறமும் ஐயத்துக்குள்ளாகவில்லை. யாருக்கும் ஊர் இல்லாமற் போகவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவனுக்கும் நியூஜெர்சியின் அடுக்ககத்தில் வாழ்பவளுக்கும் அந்த எளிமை வாய்க்கவில்லை. வரதட்சணை, சீர், ஜாதகம் எல்லாம் பேசி மகளை விமானம் ஏற்றும் நம் குடும்பங்கள், அவள் வீடு மாறியதாகச் சொல்லும்போது பால் காய்ச்சினீர்களா என்று கேட்கின்றன. அதோடு வேறு இரண்டும் கேட்கவேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரும் இருக்கிறதா? உன் கோப்புக்கு வரும் கடிதம் உன் கைக்கு வருகிறதா, அவர் கைக்கா?