கரிபியக் கடலில் ஓர் ஒல்லாந்தர் துறைமுகம்

ஒல்லாந்தர் ஆட்சியின் சுவடுகளைக் காண யாழ்ப்பாணத்தார் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பண்ணைக் கடலோரத்தில் ஐங்கோண வடிவில் நிற்கும் கோட்டையே அதற்குச் சான்று பகரும். ஆயினும், அவ்வாட்சியின் மற்றொரு முகத்தை அறிய விழைவோர், பூமியின் மறுபுறத்தே வெனிசுவேலாக் கரைக்கு அண்மையிலுள்ள குராசோத் தீவை நோக்குதல் வேண்டும். கரிபியக் கடலிற் சுற்றிவரும் உல்லாசப் பயணக் கப்பல்கள் அத்தீவின் தலைநகராகிய வில்லெம்ஸ்டாட்டில் ஒரு பகல் தங்கிச் செல்வது வழக்கம். அத்தகைய கப்பலொன்றிற் சென்று, காலை முதல் மாலை வரை அந்நகரிலே உலாவும் வாய்ப்பு எமக்கும் கிட்டியது.

கடலிலிருந்து உள்நாட்டுக்குட் புகும் சென்ற் ஆனா விரிகுடா, ஓர் ஒடுங்கிய கால்வாய் போன்று நகரை இரண்டாகப் பிரிக்கின்றது. கிழக்கே இருப்பது பழைய நகராகிய புண்டா. மேற்கே இருப்பது 1707 இல் உருவாகத் தொடங்கிய ஒட்ரோபண்டா. அத்தீவு மக்களின் பப்பியாமெந்து மொழியில் அதற்கு மறுகரை என்பது பொருள். இரு கரைகளையும் இணைக்கும் எம்மா அரசி பாலம் 1888 இல் முதன்முதல் அமைக்கப்பட்டது. வரிசையாக மிதக்கும் தோணிகளே அதனைத் தாங்குகின்றன. கப்பல் வரும்போது பாலம் முழுவதும் ஒரு கதவு போல ஒருபுறம் ஒதுங்கி வழிவிடும். நீரோரத்தில் மஞ்சளும் நீலமும் சிவப்புமாக நிற்கும் கூர்முகட்டு மாடிவீடுகள், அம்ஸ்டர்டாம் நகரத் தெருவொன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து வெப்பநாட்டு வெயிலில் நிறுத்தியது போலத் தோன்றும். இவ்வழகு கருதியே ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1997 இல் இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

எனினும், இவ்வளவு செல்வம் இங்கே எவ்வாறு குவிந்தது என்னும் வினா, வரலாறு பயில்வோன் உள்ளத்தில் எழாதிருக்க முடியாது. தீவின் நிலம் வறண்டது, மழை அரிது, கரும்புச் செய்கைக்கு அது உகந்ததன்று. இசுப்பானியர் வசமிருந்த இத்தீவை ஒல்லாந்தரின் மேற்கிந்தியக் கம்பனி 1634 இற் கைப்பற்றியது. மறு ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. உப்பும், ஆழமான இயற்கைத் துறையும், இசுப்பானியருக்கு எதிரான போருக்கு ஏற்ற தளமுமே அன்று வேண்டப்பட்டவை. 1648 இற் சமாதானம் ஏற்பட்டபின் வாணிகமே முதன்மை பெற்றது. அவ்வாணிகத்தின் பெரும் பொருள் மனிதரே. ஆபிரிக்காவிற் பிடிக்கப்பட்டு வந்தோர் இங்கே இறக்கப்பட்டு, கடற்பயணத்தால் நலிந்த உடல் தேறும்வரை உணவளிக்கப்பட்டு, பின்னர் இசுப்பானியக் குடியேற்ற நாடுகளுக்கு விற்கப்பட்டனர். அழகிய மாடிவீடுகளின் அத்திவாரத்தில் இவ்வாணிகமும் கிடக்கின்றது.

1795 ஆம் ஆண்டு இத்தீவின் வரலாற்றில் மட்டுமன்றி, நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டின் தொடக்கத்திற் பிரான்சியப் படைகள் ஒல்லாந்தைக் கைப்பற்றின. பிரான்சிய அரசோ 1794 இலேயே தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்திருந்தது. இச்செய்திகள் கப்பல் வழியே குராசோவையும் எட்டின. ஆகஸ்டு 17 ஆம் நாள், கெனேபா என்னும் தோட்டத்து அடிமைகள் தூலா என்பவரின் தலைமையில் வேலை செய்ய மறுத்து வெளியேறினர். அவர்களோடு பிற தோட்டத்தாரும் திரண்டனர். சமாதானம் பேச வந்த பாதிரியாரிடம் தூலா எடுத்துரைத்த வாதம் சிந்திக்கத் தக்கது. பிரான்சியரின் அடிமைகள் விடுதலை பெற்றனர்; ஒல்லாந்தும் பிரான்சியர் கைக்கு வந்துவிட்டது; ஆகவே தாமும் விடுதலைக்கு உரியவரே என்பது அதன் சாரம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடையே நின்று, உலக நிகழ்ச்சிகளை ஆராய்ந்து அவர் கண்ட முடிவு அது. அதனை ஆளுவோர் ஏற்கவில்லை. கிளர்ச்சி அடக்கப்பட்டது. காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்ட தூலா, ஒக்டோபர் 3 ஆம் நாள் ரிஃப் என்னும் கடற்கரையிலே கொடுஞ் சித்திரவதையுடன் கொல்லப்பட்டார்.

அதே பிரான்சியப் படையெடுப்பு நம் கரையையும் தொட்டது. இங்கிலாந்துக்குத் தப்பியோடிய ஒரேஞ்சு இளவரசர், ஒல்லாந்தரின் குடியேற்ற நாடுகளை ஆங்கிலேயர் பாதுகாப்பில் ஒப்படைக்குமாறு 1795 பெப்ரவரியில் மடல்கள் எழுதினார். அவற்றைக் காட்டியும் படைவலியைக் கொண்டும் ஆங்கிலேயர் இலங்கைத் துறைகளை ஒவ்வொன்றாகப் பெற்றனர். யாழ்ப்பாணக் கோட்டை செப்டெம்பர் 28 ஆம் நாள் சரணடைந்தது. தூலா கொல்லப்படுவதற்கு ஐந்து நாட்களே முன்னதாக அது நிகழ்ந்தது. நம் பாடநூல்கள் கொடி மாறிய கதையைச் சொல்லும். கொடி மாறியும் மாறாதிருந்ததைச் சொல்வது அரிது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. அவ்வடிமைகள் அயலிலிருந்து கொணரப்பட்டோர் மட்டுமல்லர், நம் அயலவருமாவர். அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தோர் ஒல்லாந்தர் மட்டுமல்லர், நம் முன்னோருமாவர். ஆங்கிலக் கொடி ஏறியபின்னும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்து, 1844 இலேதான் இலங்கையில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குராசோவில் அந்நாள் 1863 யூலை 1 ஆம் நாள் வந்தது. அன்று இழப்பீடு பெற்றவர்கள் அடிமைகளல்லர், அவர்தம் உடைமையாளரே.

காலம் தன் தீர்ப்பை மெல்லத் திருத்துகின்றது. குராசோ 2010 இல் தூலாவைத் தன் தேசிய வீரராக ஏற்றது. 2022 திசெம்பரில் ஒல்லாந்துப் பிரதமர் அடிமை வாணிகத்துக்காக மன்னிப்புக் கோரினார். 2023 ஒக்டோபர் 3 ஆம் நாள், தூலா குற்றவாளியல்லர் என்பதை ஒல்லாந்து அரசு ஏற்று, அவர் பெயருக்கு நேர்ந்த களங்கத்தை நீக்கியது. இரு நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் சென்றபின் வந்த நீதி அது.

உல்லாசக் கப்பல்கள் தரிக்கும் மேடைக்கு மேற்கே, நடந்தே செல்லக்கூடிய தூரத்திற் கடலோரமாக ஒரு நினைவுச் சின்னம் உளது. விலங்கை உடைக்கும் மாந்தரின் உருவங்கள் அதில் அமைந்துள்ளன. நாம் அங்கு நின்ற வேளையில் வேறெவரும் அங்கில்லை. உடன்வந்த பயணிகள் வண்ண வீடுகளைப் படம்பிடித்துக் கொண்டிருந்தனர். அவர்களைக் குறைகூறும் தகுதி நமக்குண்டா என்று எண்ணினோம். பண்ணைக் கோட்டையின் மதில்மேல் மாலைக் காற்று வாங்கிய நாட்களில், அம்மதிலுக்குக் கல் சுமந்தவர் யாவர் என்று நாமும் ஒருநாளேனும் வினவியதில்லை. கப்பலின் சங்கு ஒலித்தது, மேடைக்குத் திரும்பினோம். ஊர் மீண்டதும் முதலிற் செய்ய வேண்டியது அவ்வினாவோடு கோட்டை வாயிலிற் சென்று நிற்பதே எனத் துணிந்தோம். நம் கல்லூரி மாணவரும் அவ்வினாவைத் தம்முடையதாகக் கொள்வாராயின், அப்பகற் பொழுது வீண்போகவில்லை எனக் கருதுவோம்.