நீள்குழல் துப்பாக்கியின் பிறப்பிடம்: 1775ஆம் ஆண்டுப் பொறிப்பும் கிண்டிக்கின் வட்டாரப் பாணிக் கொள்கையும்

அமெரிக்கப் புரட்சிப் போருக்கு முந்திய பென்சில்வேனிய நீள்குழல் துப்பாக்கிகளில் செய்தவர் பெயர் பொறித்தவை அரிது. பெயரில்லாதவற்றுக்கு ஊர் சொல்ல, ஜோ கிண்டிக் 1960இல் வகுத்த வழியையே சேகரிப்பாளர்கள் இன்றும் நம்புகின்றனர். பின்கட்டையின் வளைவு, மரச்செதுக்கு, பித்தளை வேலைப்பாடு ஆகியவற்றைக் கொண்டு லங்காஸ்டர், யார்க், ரெடிங், பெத்லகேம் எனப் பாணிகளைப் பிரித்தவர் அவர். ஒரு வட்டாரத்துக் கொல்லர்களின் வேலை ஒரு சாயலில் இருக்கும் என்பது அதன் அடிப்படை. கிண்டிக் ‘பொற்காலம்’ என்று கொண்ட போருக்குப் பிந்திய காலத்துக்கு இது பெரும்பாலும் பொருந்தும். அதையே 1760, 1770களுக்கும் நீட்டுவதை ஏற்க இயலாது.

பெயர் பொறித்த அரியவற்றுள் ஒன்றைப் பார்ப்போம். பென்சில்வேனியக் கொல்லர் கிறிஸ்டியன் ஓர்ட்டர் செய்த துப்பாக்கி ஒன்றின் குழலில் அவர் பெயரும், கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்ற ஊரும், 1775 என்ற ஆண்டும் உள்ளன. நாசரேத்தை அடுத்த அவ்வூர் மொரேவியக் கிறித்தவச் சபையாருடையது. அங்கிருந்த பட்டறைப் பொறுப்பை ஓர்ட்டர் 1766இல் ஏற்றார், 1777இல் இறந்தார். பொறிப்பின் ஆண்டு இந்த இடைவெளியில் சரியாக விழுகிறது. அதே ஆண்டு பொறித்த அவருடைய இன்னொரு துப்பாக்கி பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பழைய குழலுக்குப் புதுக்கட்டை பொருத்துவது அக்கால வழக்கம். ஆகவே குழலில் உள்ள பெயர் கட்டைக்குச் சான்றாகாது என்பர். நியாயமான ஐயம். ஆனால் வடிவத்தை மட்டும் நம்புவது அதைவிட ஆபத்தானது. மேலே முதலில் சொன்ன ஓர்ட்டர் துப்பாக்கி 1971இல் வேலி ஃபோர்ஜில் களவுபோனது. அதைப் பல்லாண்டுகளுக்குப் பின் ஏலத்தில் எடுத்த பழம்பொருள் வணிகர், பயின்ற கண்ணுடையவர்தான்; அவரும் முதலில் அதைப் பிற்கால நகல் என்றே எண்ணினார். 2018இல்தான் அது மீட்கப்பட்டது.

கிண்டிக்கின் அடிப்படை தளர்வது ஆட்களின் இடப்பெயர்ச்சியால். ஓர்ட்டருக்கு முன் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறையில் இருந்த ஆண்ட்ரியாஸ் அல்பிரெக்ட், ஜெர்மனியின் சூல் பகுதியில் தொழில் கற்றவர். 1771இல் லங்காஸ்டர் மாவட்டத்து லிட்டிட்ஸுக்குப் போனார். அங்கே அவரிடம் பயின்ற இளைய வில்லியம் ஹென்றி, 1778 வாக்கில் எதிர்த்திசையில் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங்குக்கு வந்தார். லிட்டிட்ஸில் அல்பிரெக்ட் கட்டை செதுக்கியிருந்தால் அதை எந்த வட்டாரத்தில் சேர்ப்பது? கை பழகிய இடம் வேறு, வேலை நடந்த இடம் வேறு. வடிவம் காட்டுவது முன்னதை. நாம் தேடுவதோ பின்னதை. இவர்களை இணைத்தது சபை. மாவட்ட எல்லைக்கு அதில் பங்கில்லை.

டாயில்ஸ்டவுனின் மெர்சர் அருங்காட்சியகத்தில் உள்ள எட்வர்ட் மார்ஷல் துப்பாக்கியை இங்கே கருத வேண்டும். நடந்து கடந்த தொலைவை அளவாக வைத்து டெலவேர் பழங்குடியினரின் நிலத்தைப் பறித்த 1737ஆம் ஆண்டு நடையில் நடந்தவர் மார்ஷல். துப்பாக்கி அந்த நடைக்கு மிகவும் பிந்தியது. கட்டை வேலையை வைத்து அது அல்பிரெக்டுடையது என்கின்றனர். அவருடைய பட்டறையில் உருவானது என்பது வரை உடன்படுகிறேன். அவர் கைவேலையேதான் என்பதற்கு வடிவ ஒற்றுமை போதாது. காலத்தை 1760கள் என்று கொள்ளலாம்; அதற்குமேல் குறுக்கச் சான்று இடம் தரவில்லை.

ஆகவே அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகளில் குழலுக்கும் கட்டைக்கும் தனித்தனியே ஊரும் காலமும் தரவேண்டும். அவை பொறிப்பால் தெரிந்தவையா, வடிவத்தால் ஊகித்தவையா என்பதையும் குறிக்க வேண்டும்.