துணைச்சட்டகமும் தொழிலாளரின் முதுகும்: சான்று எதுவரை?

கிடங்குகளிலும் வாகனத் தொழிற்சாலைகளிலும் அண்மை ஆண்டுகளில் அறிமுகமாகிவரும் எக்ஸோஸ்கெலிட்டன், அதாவது உடலின்மேல் அணியும் துணைச்சட்டகம், குனிந்து வேலை செய்வோரின் தசை உழைப்பைக் குறைக்கிறது என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் உழைப்பு குறைவதால் முதுகுவலியும் வராது என்று அதிலிருந்து முடிவுகட்டுவதற்கு அச்சோதனைகள் இடம் தரவில்லை.

முதுகெலும்பின் அடிப்பகுதியை நெம்புகோலின் தாங்குபுள்ளியாகக் கொள்ளலாம். உடலை நிமிர்த்தும் தசைகள் அப்புள்ளிக்குப் பின்னால் ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவிலிருந்து இழுக்கின்றன, கையிலுள்ள சுமையோ 45 செ.மீ. முன்னால் இருக்கக்கூடும். ஆகவே 15 கிலோ பெட்டிக்கு ஈடுகொடுக்கத் தசைகள் அதன் எடையைப்போல் ஒன்பது மடங்கு, 1,300 நியூட்டனுக்கும் மேற்பட்ட விசையுடன் இழுக்க நேர்கிறது. குனிந்த மேலுடம்பைத் தாங்கும் இழுப்பு இதற்குப் புறம்பானது. இவ்விசை பெரும்பாலும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளை நசுக்கும் அழுத்தமாகிறது. தொழிலாளர் உடல்நலம் குறித்து ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையாஷ், 1981இல் 3,400 நியூட்டன் அழுத்தத்தை எச்சரிக்கை எல்லையாக வகுத்தது. மார்பிலும் தொடையிலும் அணைந்து நின்று, குனியும்போது சுருளில் சேரும் ஆற்றலை நிமிரும்போது திருப்பித் தரும் மோட்டார் இல்லாச் சட்டகம், தசையின் இழுப்பில் ஒரு பங்கைத் தான் ஏற்கிறது.

நெதர்லாந்தில் உருவான லேவோ என்னும் இத்தகைய சட்டகத்தைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், தோலில் ஒட்டிய மின்முனைகளால் அளந்தபோது, குனிந்து செய்யும் பொருத்துவேலையில் முதுகுத் தசையின் செயல்பாடு 35 முதல் 38 விழுக்காடு குறைந்திருந்தது. அசையாமல் குனிந்து நிற்க இயன்ற நேரம் 3.2 நிமிடத்திலிருந்து 9.7 நிமிடமாக நீண்டது. அதே ஆய்வில் மார்புப் பகுதியில் அசௌகரியம் கூடியதும் பதிவாகியுள்ளது. சுமையின் ஒரு பகுதி இடம் மாறியிருக்கிறது. மும்மடங்கு நேரம் குனிந்து நிற்க முடிவதும் கலப்பற்ற நன்மையன்று; அந்த உபரியை மேலாளர் ஓய்வாகத் தருவாரா, கூடுதல் உற்பத்தியாகக் கேட்பாரா என்பது சட்டகத்தின் கையில் இல்லை.

முதுகுப் பட்டையின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அமெரிக்கப் பணியிடங்களில் பரவலாகிவிட்ட அப்பட்டை, காயமுறாத தொழிலாளரைக் காப்பதற்குப் போதிய சான்றில்லை என 1994இல் நையாஷ் அறிவித்தது. 9,377 கடைப் பணியாளர்களைப் பின்தொடர்ந்து 2000இல் வெளியான ஆய்வும், பட்டையால் முதுகுவலியோ இழப்பீட்டுக் கோரிக்கைகளோ குறைந்ததாகக் காணவில்லை. பட்டை இடுப்பை இறுக்குவதோடு நிற்க, சட்டகம் மெய்யாகவே விசையைப் பகிர்கிறது என்பதால் ஒப்புமை முழுமையானதன்று. எனினும், பணியிடத்தில் வலியையும் விடுப்பையும் எண்ணிப் பார்க்கும் நீண்டகால ஆய்வுக்குத் தசையின் மின்னளவு ஈடாகாது என்பது இரண்டுக்கும் பொதுவானது.

இக்கருவிக்குரிய இடத்தை ஜப்பானின் முதியோர் பராமரிப்புத் துறை ஓரளவு காட்டுகிறது. அழுத்தக் காற்றால் இயங்கும் சட்டகங்கள் அங்கு விற்பனையில் இருந்தும், 2013இல் திருத்தப்பட்ட அரசு வழிகாட்டுநெறி, ஆளை ஆள்பலத்தால் மட்டும் தூக்குவதைக் கொள்கையளவில் விலக்கி, தூக்குபொறிகளைப் பயன்படுத்தவே வலியுறுத்துகிறது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதைப் பொறி செய்துவிட முடியும். படுத்திருப்பவரின் உள்ளாடையை மாற்றவும் உடலைத் துடைக்கவும் பணியாளர் அரைக்குனிவில் நிற்கும் நேரத்தில் பொறியால் பயனில்லை, சட்டகத்தின் உதவி அங்கேதான் பொருந்துகிறது.