படுக்கைப் புண்

உடலின் ஒரே இடம் நெடுநேரம் அழுந்திக் கிடந்து, அங்கே ரத்த ஓட்டம் நின்று, தோலும் அடியிலுள்ள சதையும் அழிவதால் வருவது படுக்கைப் புண். நூல்களில் அழுத்தப் புண். வார்டில் ‘பெட் சோர்’. பக்கவாதம், தண்டுவடக் காயம், இடுப்பெலும்பு முறிவு, நினைவிழப்பு, முதுமைத் தளர்ச்சி என எதனால் ஒருவர் தானாகப் புரள முடியாமல் போனாலும் இது வரலாம். தடுப்பதற்கு மருந்து கிடையாது. ஆள் வந்து திருப்பிப் போட வேண்டும். அதனால் இது மருத்துவரின் மருந்துச் சீட்டைவிடச் செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர் ஆகியோரின் நாளோடும் முதுகோடும் அதிகம் சம்பந்தப்பட்டது.

எலும்பு துருத்திக்கொண்டு சதை குறைவாக உள்ள இடங்களே முதலில் பழுதாகும். மல்லாந்து படுத்தவருக்குப் பிட்டத்தின் மேலுள்ள திரிக எலும்பு, குதிகால், பின்மண்டை. ஒருக்களித்தவருக்கு இடுப்பின் பக்க எலும்பு, கணுக்கால். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உட்காரும் எலும்பு. ஆக்சிஜன் முகமூடியும் மூக்குக் குழாயும் அழுத்தினால் காதிலும் மூக்குப் பாலத்திலும்கூட வரும். நேரடி அழுத்தத்தோடு இழுவிசையும் சேர்ந்தால் இன்னும் மோசம். தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நோயாளி மெல்லச் சரிகிறார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் கீழே நகர்கிறது. இடையிலுள்ள ரத்தக் குழாய்கள் முறுக்கப்படுகின்றன. சிறுநீரும் வியர்வையும் ஊறிய தோல் இன்னும் விரைவில் கிழியும்.

புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காமல் அப்படியே நிற்கும். நான்காம் நிலையில் தசையோ எலும்போ தெரியும். இந்தச் சிவப்பு நிறச் சோதனை வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூடு, கெட்டித்தன்மை, வலி ஆகியவற்றைச் சுற்றுப்புறத் தோலோடு ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டு வார்டுகளில் முதல் நிலை தவறிப்போக இதுவும் ஒரு காரணம். சில புண்கள் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்கி மேலே வருகின்றன. வெளியே சிறு துளை, உள்ளே பெரிய பொந்து.

யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கணிக்க, டோரீன் நார்ட்டன் 1962-இல் பிரிட்டனில் ஓர் அளவுகோலை வெளியிட்டார். இப்போது பரவலாகப் பயன்படும் பிரேடன் அளவுகோல் 1980-களில் அமெரிக்காவில் உருவானது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், உணவு, உராய்வு என்று ஆறு தலைப்புகள். மொத்தம் 23 மதிப்பெண். பெரியவர்களுக்கு 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து.

திருப்பிப் போடுதல்

வழக்கமான விதி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லூட்விக் குட்மன், இரவிலும் விடாமல் இதைச் செய்ய வைத்தார். செய்முறை எளிதாகத்தான் தோன்றும். இருவர் இருபுறமும் நின்று, நோயாளியின் அடியிலுள்ள விரிப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது. 30 பாகை அளவு சாய்த்து, முதுகுக்குப் பின் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு இடையே ஒன்று, கெண்டைக்காலின் அடியில் ஒன்று. குதிகால் எதிலும் படாமல் நிற்க வேண்டும். சிறுநீர்க் குழாய் உடம்பின் அடியில் சிக்கியிருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்க வேண்டும். சிக்கினால் அந்தக் குழாயே புண்ணாக்கும்.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. அசைய முடியாதவர்கள் பத்துப் பேர் என்றால் ஒரு நாளில் 120 முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு ஆள். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர். பல இடங்களில் இரவு ஷிப்டில் அது காகிதத்தோடு சரி. அப்போது மறுபுறம் பிடிப்பவர் நோயாளியின் மகனோ மருமகளோதான். அவர்களே “இப்பத்தான் கண்ணசந்தார், எழுப்பாதீங்க சிஸ்டர்” என்றும் சொல்வார்கள். காற்றுப் படுக்கை வாங்கிப் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்ற நம்பிக்கையும் உண்டு. அது அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, திருப்பும் வேலையை ஒழிக்காது; மின்சாரம் நின்றால் பம்பும் நின்றுவிடும்.

விதிகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. இழுவிசையைத் தவிர்க்கத் தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஆனால் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு நிமோனியா வராமலிருக்க 30 முதல் 45 பாகை வரை உயர்த்தச் சொல்கிறார்கள். இயன்முறை சிகிச்சையாளர் நோயாளியை உட்கார வைக்க முயல்வார். செவிலியர் அப்போதுதான் பிட்டத்துப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்திருப்பார். எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் ஒருவர் வேலையை மற்றவர் கெடுத்ததாக முடியும். இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவர் சக்கர நாற்காலியில் அடிக்கடி முன்சாய்ந்தோ கைகளை ஊன்றி எழும்பியோ அழுத்தத்தை விடுவிக்கப் பழக வேண்டும். வலிக்காத இடத்தைக் கவனிக்கச் சொல்லிக் கொடுப்பது பயிற்சியிலேயே கடினமான பகுதி.

ஸ்பிரிட் தடவித் தேய்த்துப் பவுடர் போடுவது நீண்டகாலம் பாடத்திலேயே இருந்தது. சிவந்த இடத்தைத் தேய்ப்பது நைந்த திசுவை மேலும் சேதப்படுத்தும் என்பதால் இன்றைய வழிகாட்டுதல்கள் அதை ஏற்பதில்லை. வளைய வடிவக் காற்றுத் தலையணையும் அப்படியே. விளிம்பில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

யார் பொறுப்பு?

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் படுக்கைப் புண்ணை நோயின் குற்றமாகப் பார்க்கவில்லை. பெரும்பாலும் பராமரிப்பின் குற்றம் என்றார். பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ அதற்கு நேர்மாறு: நரம்புச் சேதம் இருந்தால் புண் வந்தே தீரும் என்று கருதினார். விடாமல் திருப்பிப் போட்டே புண்ணைத் தடுத்த குட்மனின் வார்டு ஷார்கோவைப் பொய்யாக்கியது. ஆனால் நைட்டிங்கேலின் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆள் பற்றாக்குறையின் பழி முழுவதும் அந்த ஷிப்டில் இருந்தவர் தலையில் விழும். அமெரிக்காவின் மெடிகேர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் வந்த மூன்றாம், நான்காம் நிலைப் புண்களுக்குக் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியது. குற்றத்தைத் தனிநபரிடமிருந்து நிறுவனத்துக்கு நகர்த்தியது என்ற அளவில் அது நியாயமான நடவடிக்கைதான்.

எல்லாப் புண்ணும் தவிர்க்கக் கூடியதல்ல. இறுதி நாள்களில் உடல் தோலுக்கு ரத்தம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. சரியாகத் திருப்பினாலும் புண் வரலாம். திருப்பும்போது நோயாளி வலியில் முனகினால் இடைவெளியை நீட்டிக்கலாம். முன்னதாக வலி மருந்து கொடுத்துவிட்டுத் திருப்பலாம். அந்த மாற்றத்தைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, நோயாளிக் குறிப்பேட்டிலும் எழுதிவைப்பது செவிலியரின் வேலை.