விஞ்ஞான பீடத்தின் முதல் இரண்டு ஆண்டுகள்: பாடச்சுமையைத் தாங்குவது எப்படி?

தாழ்வுபாடு போன்ற மன்னார்க் கரையோரக் கிராமங்களில் இருந்து ஒரு பிள்ளை விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவானால் அது ஊருக்கே மகிழ்ச்சி. பல வீடுகளில் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். இடப்பெயர்வுகளால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெற்றோருக்கு, அங்கே என்ன நடக்கிறது என்று வழிகாட்ட முடிவதில்லை. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

முதலில் சுமையின் அளவை அறிந்துகொள்வோம். இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஓர் ஆண்டுக்கு 30 திறமைப்புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 50 மணிநேரக் கற்றல். ஆண்டுக்கு 1,500 மணி. 15 வாரங்கள் கொண்ட இரண்டு அரையாண்டுகளுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 50 மணி. மூன்று புள்ளிப் பாடமொன்றுக்கு வாரத்தில் 3 மணிநேரமே விரிவுரை. மீதி 7 மணிநேரத்தை மாணவரே தேடிப் படிக்க வேண்டும். உயர்தரத்தில் ரியூசன் ஆசிரியர் குறிப்புத் தந்து பழக்கியவர்களுக்கு இந்த 7 மணிநேரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பரீட்சைக்கு இரு வாரங்கள் முன்பே தெரிகிறது.

அடுத்தது மொழி. தமிழில் உயர்தரம் படித்தவர் ஆங்கிலத்தில் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் எதிர்கொள்கிறார். பாடம் தெரிந்தும் வினா விளங்காமல் புள்ளி இழப்பவர் பலர். விரிவுரைக்கு முதல்நாள் அந்த அத்தியாயத்தின் கலைச்சொற்களை மட்டும் பார்த்துவைத்தால், மறுநாள் காதில் விழுவது விளங்கும். விடைகளைத் தொடக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும்.

செய்முறை அறிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஆய்வுகூடத்தால் வந்த அன்றிரவே அளவீடுகளையும் கணிப்பையும் முடித்துவிட்டால் ஒரு மணிநேர வேலை. ஒரு வாரம் கழித்து எழுதினால் அதுவே ஒரு முழு இரவைத் தின்றுவிடும்.

வீட்டு நிலைமையும் சுமைதான். சோளகக் காற்றுக் காலத்தில் தென்கரையில் தொழில் மந்தமாகும்போது, கைக்காசு குறையும். ஒவ்வொரு வெள்ளியும் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஊருக்கு ஓடிவரும் பிள்ளை, படிப்பதற்குரிய இரண்டு நாட்களை இழக்கிறது. மகாபொல, பல்கலைக்கழக நிதியுதவி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களை உரிய திகதிக்குள் கொடுத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை வீடு வந்தால் போதும் என்று பெற்றோரே சொல்வது பெரிய உதவி.

ஒரு பாடத்தில் தவறினால் உலகம் முடிந்துவிடாது. மீண்டும் எழுதலாம். ஆனால் மீள்பரீட்சையில் பொதுவாகச் சாதாரண சித்திக்கு மேல் தரம் கிடைப்பதில்லை. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கான தெரிவும் ஆரம்ப ஆண்டுப் பெறுபேறுகளையே பார்க்கிறது. எனவே நான்கைந்து பாடங்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாம் ஆண்டுக்குப் போவதைவிட, தடுமாற்றம் தெரிந்த உடனேயே விரிவுரையாளரிடமும் மாணவ ஆலோசகரிடமும் பேசுவது நல்லது. சுகவீனம் என்றால் மருத்துவச் சான்றிதழை உரிய காலத்துக்குள் பீடத்தில் கொடுக்க வேண்டும். பிந்தினால் அது செல்லாமல் போகலாம்.

நித்திரையின்மை, சாப்பாடு பிடிக்காமை, அறையை விட்டு வெளியே வராமை என்பன சோம்பல் அல்ல. போரில் உறவுகளை இழந்த வீடுகளின் பிள்ளைகளிடம் இவை கூடுதல் கவனத்துக்குரியவை. "ஏன் படிக்கவில்லை?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். பிள்ளை மிச்சத்தைச் சொல்லத் தொடங்கும்.